19 வயதில் கவுன்ட்டி தலைவர்: ஜார்ஜ் ஃபின்ச் எப்படி வந்தார், அவர் கையில் என்ன இருக்கிறது?

கேள்வி இது: "இங்கிலாந்தில் 19 வயதுப் பையன் ஒருவர் ஒரு கவுன்ட்டி கவுன்சிலுக்கே தலைவராகிவிட்டாராம். பிரெக்ஸிட்காரர்களின் கட்சியாம். இது எப்படி நடந்தது? அந்தப் பதவியில் இருந்துகொண்டு அவரால் என்ன செய்ய முடியும்?"

வாரிக்ஷயர் கவுன்ட்டியையும் ஜார்ஜ் ஃபின்ச்சையும்தான் கேட்கிறீர்கள். கவுன்ட்டி என்பது இங்கிலாந்தின் ஒரு நிர்வாகப் பிரிவு, கவுன்ட்டி கவுன்சில் அதன் உள்ளாட்சி மன்றம். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் வயதிலேயே நின்றுவிடுகிறார்கள். ஒன்று "ஆஹா, இளைஞர்" என்கிறார்கள், இல்லையென்றால் "சின்னப் பையன் கையில் கஜானாவா" என்கிறார்கள். எனக்கு வயது இரண்டாம் பட்சம். அவருடைய ரிஃபார்ம் யூகே கட்சிக்கு ஓட்டு வாங்கிக் கொடுத்த விஷயங்களில் பெரும்பாலானவை கவுன்ட்டி கவுன்சிலின் அதிகாரத்தில் இல்லை. அந்தக் கவுன்சில் சட்டப்படி செய்தே ஆக வேண்டிய வேலைகளோ பிரசாரத்தின் மையத்தில் இல்லை. ஃபின்ச்சின் முதல் சில மாதங்களில் நடந்த சண்டைகள் எல்லாமே இந்த இடைவெளியிலிருந்து பிறந்தவை. ஐம்பது வயதுக்காரர் வந்திருந்தாலும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டிருப்பார்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். வாரிக்ஷயர் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கிறது. சுமார் 6 லட்சம் மக்கள். கோவென்ட்ரி அதன் மடியில் உட்கார்ந்திருப்பதுபோல் வரைபடத்தில் தெரியும், ஆனால் கோவென்ட்ரி கவுன்ட்டி கவுன்சிலின் கீழ் வராது. தெற்கே ஸ்ட்ராட்ஃபோர்ட், வாரிக், லெமிங்டன் என்று வசதியான, சுற்றுலாப் பயணிகள் வருகிற ஊர்கள். வடக்கே நனீட்டன், பெட்வொர்த். ரிப்பன் நெசவு, தொப்பித் தொழில், நிலக்கரி என்று ஒரு காலத்தில் உழைப்பாளிகளால் நிறைந்த பகுதி. சுரங்கங்கள் ஒவ்வொன்றாகப் போயின. வடக்கு வாரிக்ஷயரின் கடைசிப் பெரிய சுரங்கமான டா மில், 2013இல் நிலத்தடித் தீக்குப் பிறகு மூடப்பட்டது.

2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் இந்த ஒரே கவுன்ட்டி இரண்டாகப் பிளந்து நின்றது. நனீட்டன்-பெட்வொர்த் பகுதியில் சுமார் 66 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறச் சொன்னார்கள். வாரிக் மாவட்டத்திலோ ஏறத்தாழ 59 சதவீதம் பேர் உள்ளேயே இருக்கச் சொன்னார்கள். இரண்டுக்கும் இடையே காரில் அரை மணி நேரப் பயணம்தான். ஃபின்ச் இந்த வடக்குப் பக்கத்து ஆள். பெட்வொர்த் சென்ட்ரல் தொகுதியில் ஜெயித்தவர். வாக்கெடுப்பு நடந்தபோது அவருக்குப் பத்து வயது நிரம்பியிருக்கவில்லை. பிரெக்ஸிட்டுக்கு ஓட்டுப் போடாத, போட வயதில்லாத ஒரு தலைமுறையின் பிரெக்ஸிட் அரசியல்வாதி அவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவர் முதலில் இருந்தது கன்சர்வேட்டிவ் கட்சியில். அங்கிருந்து ரிஃபார்ம் யூகேவுக்கு வந்தார். இந்த வழியில் வந்தவர்கள் அந்தக் கட்சியில் ஏராளம். ரிஃபார்ம் என்பதே பழைய பிரெக்ஸிட் கட்சிதான். 2018இன் இறுதியில் தொடங்கி, 2019 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பிரிட்டனின் 73 இடங்களில் 29ஐ வென்று, 2021இல் பெயரை மாற்றிக்கொண்டது. தலைவர் நைஜல் ஃபராஜ்.

கவுன்சிலராக ஜெயித்தபோது ஃபின்ச்சுக்கு 18 வயது. 18 வயதில் கவுன்சிலராக முடியுமா என்றால், முடியும். முன்பு முடியாது. பிரிட்டனில் தேர்தலில் நிற்கக் குறைந்தபட்ச வயது 21 ஆக இருந்தது. 2006இல் வந்த தேர்தல் நிர்வாகச் சட்டம் அதை 18 ஆகக் குறைத்தது. ஃபின்ச் பிறந்ததும் அதே 2006தான். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது டோனி பிளேரின் லேபர் அரசு. இளைஞர்கள் அரசியலுக்கு வரட்டும் என்ற நல்ல எண்ணத்தில் திறந்த கதவு. யார் எந்தக் கொடியோடு உள்ளே வருவார்கள் என்று அந்தக் கதவு பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. அவருடைய அரசியல் எனக்கு உடன்பாடானதல்ல. ஆனாலும் "பதினெட்டு வயதுக்காரருக்கு என்ன தெரியும்" என்று தொடங்குகிற விமர்சனம் எனக்குப் பிடிப்பதில்லை. ஓட்டுப் போடும் வயது வந்த ஒருவருக்கு நிற்கவும் உரிமை உண்டு.

சரி, தேர்தலுக்கு வருவோம். 2025 மே 1. இங்கிலாந்தின் ஒரு பகுதியில் மட்டும் நடந்த உள்ளாட்சித் தேர்தல் அது. ரிஃபார்ம் 677 இடங்களை அள்ளியது, 10 கவுன்சில்களில் தனிப் பெரும்பான்மை பெற்றது. கென்ட், டர்ஹம், லங்காஷயர், லிங்கன்ஷயர் எல்லாம் அந்தப் பத்தில் அடக்கம். வாரிக்ஷயர் அதில் சேராது. இங்கே மொத்தம் 57 இடங்கள். ரிஃபார்ம் 23, லிபரல் டெமாக்ரட் 14, கன்சர்வேட்டிவ் 9, கிரீன் 7, லேபர் 3, விட்நாஷ் குடியிருப்போர் அமைப்பு 1. நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே கவுன்சிலில் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 42 இடங்கள் இருந்தன. 42 எங்கே, 9 எங்கே! பல பத்தாண்டுகளாகத் தங்கள் வீடு என்று நினைத்திருந்த இடத்தில் அவர்கள் மூன்றாம் இடத்துக்குப் போனார்கள்.

பெரும்பான்மைக்கு 29 வேண்டும். ரிஃபார்மிடம் ஆறு குறைவு. ஆனாலும் தனிப் பெரிய கட்சி என்ற முறையில் சிறுபான்மை நிர்வாகம் அமைத்தார்கள். தலைவரானவர் ராப் ஹவர்ட், துணைத் தலைவர் ஃபின்ச். ஒரு மாதம் கொஞ்சம் தாண்டியது. உடல்நிலை காரணமாக ஹவர்ட் ஜூனில் விலகினார். துணைத் தலைவர் இடைக்காலத் தலைவரானார். ஃபின்ச் யாரையும் கவிழ்த்துவிட்டு வரவில்லை. கட்சி புதிது, அனுபவசாலிகள் இல்லை, துணைப் பதவியில் அவர் இருந்தார், மேலே இடம் காலியானது. இளம் வயதில் உயரும் அரசியல்வாதிகள் பலரின் கதையில் திறமைக்குச் சமமாக இப்படி ஒரு காலியிடமும் இருக்கும்.

இடைக்காலத் தலைவராக இருந்தபோதே முதல் மோதல். ஜூன் மாதம், பாலினச் சிறுபான்மையினரின் பெருமை மாதம். கவுன்ட்டியின் தலைமையகமான ஷயர் ஹாலில் வானவில் கொடி பறந்துகொண்டிருந்தது. அதை இறக்கச் சொன்னார் ஃபின்ச். கவுன்சிலின் தலைமை நிர்வாக அதிகாரி மோனிகா ஃபோகர்ட்டி மறுத்துவிட்டார். எந்தக் கொடி பறக்கலாம் என்ற முடிவு அப்போதைய ஏற்பாட்டின்படி அதிகாரியிடம் இருந்தது, அரசியல் தலைவரிடம் இல்லை. கொடி இறங்கவில்லை.

இந்தச் சம்பவத்தைக் கொடிச் சண்டையாக மட்டும் பார்த்தால் விஷயம் கைநழுவிப் போகும். இங்கிலாந்து உள்ளாட்சியின் எலும்புக்கூடு இதில் தெரிகிறது. மேயர், முதல்வர் என்று கேட்டுப் பழகியவர்களுக்குத் 'தலைவர்' என்றால் ஆணையிடுபவர் என்றுதான் தோன்றும். அங்கே அப்படி இல்லை. கவுன்சிலர்கள் கொள்கை வகுப்பார்கள். நிரந்தர அதிகாரிகள் அதை நிறைவேற்றுவார்கள். அந்த அதிகாரிகள் எந்த ஒரு கட்சிக்கும் வேலைக்காரர்கள் அல்ல, முழுக் கவுன்சிலுக்கும் பொறுப்பானவர்கள். உயர் அதிகாரிகள் கட்சி அரசியலில் ஈடுபடவே 1989ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது. தலைமை நிர்வாகி, சட்டம் மீறப்படுகிறதா என்று கண்காணிக்கும் அதிகாரி, நிதிக்குப் பொறுப்பான அதிகாரி ஆகிய மூவருக்கும் சட்டமே தனிப் பொறுப்புகளைக் கொடுத்திருக்கிறது. கையில் இருக்கும் பணத்துக்கு மேல் செலவு போகிறது என்று தெரிந்தால், தலைவர் வேண்டாம் என்று கெஞ்சினாலும் நிதி அதிகாரி 114ஆம் பிரிவின் கீழ் அறிவிப்பு (புதுச் செலவை நிறுத்தச் சொல்லும் எச்சரிக்கை) கொடுத்தே ஆக வேண்டும். பக்கத்தில் இருக்கும் பர்மிங்ஹாமில் 2023 செப்டம்பரில் அதுதான் நடந்தது. அதன் பிறகு அங்கே கவுன்சில் வரி (வீடுகளுக்கான உள்ளூர் வரி) ஓராண்டு ஏறத்தாழ 10 சதவீதம், அடுத்த ஆண்டு 7.5 சதவீதம் என்று ஏறியது.

கொடியை இறக்க வேண்டும் என்றால் கொடி பற்றிய கொள்கையைக் கவுன்சிலின் முறைப்படி மாற்ற வேண்டும். அதற்குக் கூட்டம், அறிக்கை, வாக்கெடுப்பு எல்லாம் வேண்டும். புதிதாக வருகிற எவருக்கும் இது எரிச்சலூட்டும். ஆனால் இந்த மெதுவான நடைமுறைதான் நாளைக்கு வேறு கட்சி வந்தாலும் குடிமக்களைக் காப்பாற்றுகிறது. ஃபோகர்ட்டி செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

அப்புறம் ஜூலை 22. முழுக் கவுன்சில் கூடி நிரந்தரத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நாள். எதிர்க்கட்சிகள் எல்லாம் சேர்ந்தால் 34 வாக்குகள். சேர்ந்திருந்தால் ஃபின்ச் அன்றோடு வீட்டுக்குப் போயிருப்பார். அவர்கள் ஒரே ஆளின் பின்னால் முழுதாகத் திரளவில்லை. லிபரல் டெமாக்ரட்டும் கன்சர்வேட்டிவும் ஒரே பெஞ்சில் உட்கார மாட்டார்கள், அதுதான் அந்த அவையின் அரசியல். கடைசியில் வாக்குகள் சமமாக நின்றன. 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது: கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவருக்கு, சமநிலை வந்தால் இன்னொரு வாக்கு உண்டு. அவைத் தலைவரும் ரிஃபார்ம் கட்சிக்காரர். அந்த ஒற்றை வாக்கில் 19 வயது ஜார்ஜ் ஃபின்ச் வாரிக்ஷயர் கவுன்ட்டி கவுன்சிலின் தலைவரானார். பிரிட்டனிலேயே இவ்வளவு இளம் வயதில் ஒரு கவுன்சிலின் தலைவரானவர் இவராகத்தான் இருக்க வேண்டும் என்று பத்திரிகைகள் எழுதின.

அந்த வாரத்தில் நடந்த இன்னும் இரண்டு விஷயங்களை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். ஒன்று, ஐந்து நாள் முன்பு, ஜூலை 17 அன்று, ஓட்டுரிமை வயதை 16 ஆகக் குறைக்கப்போவதாக லேபர் அரசு அறிவித்தது. இரண்டாவதுதான் முக்கியம். ஃபின்ச் தலைவரான அதே ஜூலை 22 முதல், முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் விசா வழி மூடப்பட்டது. அதற்கும் வாரிக்ஷயருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், முழுச் சம்பந்தமும் அங்கேதான் இருக்கிறது.

கவுன்ட்டி கவுன்சில் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். வாரிக்ஷயர் இரண்டடுக்கு முறை உள்ள இடம். கீழே ஐந்து மாவட்ட அல்லது பரோ கவுன்சில்கள். குப்பை எடுப்பது, வீடு கட்ட அனுமதி, வீட்டுவசதி எல்லாம் அவர்கள் பொறுப்பு. மேலே கவுன்ட்டி: சாலை, பள்ளி இடங்கள், நூலகம், தீயணைப்பு, சேகரித்த குப்பையை அப்புறப்படுத்துவது, அப்புறம் முதியோர், ஊனமுற்றோர், ஆதரவற்ற குழந்தைகள் பராமரிப்பு. ஆண்டுக்குச் சுமார் 50 கோடி பவுண்டு புழங்குகிறது. அதில் பெரும்பகுதியை விழுங்குவது இந்தப் பராமரிப்புதான். 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி, தகுதியுள்ள ஒரு முதியவருக்கு உதவி தேவை என்று மதிப்பீடு சொன்னால் கவுன்சில் கொடுத்தே ஆக வேண்டும். "இந்த மாதம் காசில்லை, அடுத்த மாதம் வாருங்கள்" என்று சொல்ல முடியாது.

பெட்வொர்த்தில் தனியாக வாழும் எண்பது வயதுப் பாட்டி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலையில் எழுப்பி, குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்துவிட்டுப் போக ஒருவர் வர வேண்டும். அந்த ஆளைப் பெரும்பாலும் கவுன்சில் நேரடியாக வேலைக்கு வைப்பதில்லை. தனியார் பராமரிப்பு நிறுவனத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். 2025 ஏப்ரலில் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டாக உயர்ந்தது. அதே மாதம் முதலாளிகள் ஊதியத்தின் மீது கட்டும் தேசியக் காப்பீடு 15 சதவீதமானது, அதைக் கட்டத் தொடங்கும் ஊதிய வரம்பும் 9,100 பவுண்டிலிருந்து 5,000க்கு இறங்கியது. நிறுவனங்கள் அந்தச் சுமையைக் கவுன்சில் தலையில்தான் வைக்கும். லண்டன் எடுத்த முடிவு, வாரிக்கில் வருகிற பில். இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்காமல்தான் 2022இல் விசாவைத் திறந்துவிட்டார்கள். இந்தியா, நைஜீரியா, ஜிம்பாப்வேயிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். நம் ஊர்களிலிருந்து கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டிப் போனவர்கள் அதில் உண்டு, ஏமாந்தவர்களும் உண்டு. இப்போது அந்தக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. குடியேற்றத்தைக் குறைக்க வேண்டும் என்று ஓட்டுக் கேட்ட கட்சியின் கவுன்ட்டி தலைவர், பதவியேற்ற நாளிலிருந்தே, அந்தக் குறைப்பின் விளைவைத் தன் பட்ஜெட்டில் எதிர்கொள்ள வேண்டியவராகிறார். சாத்தியது ரிஃபார்ம் அல்ல, லேபர் அரசு. ஆனாலும் காலையில் ஆள் வரவில்லை என்றால் பாட்டியின் மகள் போன் போடுவது கவுன்சிலுக்குத்தான்.

அடுத்த பெரிய சுமை, சிறப்புக் கல்வித் தேவையுள்ள குழந்தைகள். கல்வி, மருத்துவம், பராமரிப்பு மூன்றையும் சேர்த்து ஒரு பிள்ளைக்கு எழுதப்படும் திட்டம் 25 வயதுவரைகூடத் தொடரலாம். இந்தத் திட்டங்களின் எண்ணிக்கை நாடு முழுக்க ஏறிக்கொண்டே போகிறது. ஒதுக்கீடு போதவில்லை. இந்தப் பற்றாக்குறையைக் கவுன்சிலின் பிரதானக் கணக்கில் காட்டாமல் தள்ளிவைத்துக்கொள்ள 2020இல் ஒரு கணக்கு ஏற்பாடு செய்தார்கள். அது 2028 மார்ச்வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கடன் எங்கும் போய்விடவில்லை, கண்ணில் படாத அலமாரியில் இருக்கிறது, அவ்வளவுதான். கிராமப்புறம் நிறைந்த கவுன்ட்டியில் இந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடும் டாக்ஸி செலவே தனிக் கதை. "வீண் செலவைப் பிடிப்போம்" என்ற கோஷத்தோடு வந்தவர்கள் கோப்பைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது இந்த டாக்ஸி பில்தான். அதற்குப் பின்னால் ஒரு பிள்ளை இருக்கிறது என்பது கோப்பில் உடனே தெரியாது. சட்டப்படி தர வேண்டிய பயணத்தை நிறுத்தவும் முடியாது.

கவுன்சில் வரியை எவ்வளவு ஏற்றலாம் என்பதிலும் கை கட்டப்பட்டிருக்கிறது. உள்ளூர் வாக்கெடுப்பு நடத்தாமல் இப்படிப்பட்ட கவுன்சில் ஏற்றக்கூடியது 5 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே, பராமரிப்புக்கான 2 சதவீதத்தையும் சேர்த்து. ஏற்றாவிட்டால் சேவை சுருங்கும். ஏற்றினால் "வரியைக் குறைப்போம் என்றீர்களே" என்பார்கள்.

இதில் ஐரோப்பிய ஒன்றிய எதிர்ப்பு எங்கே வருகிறது? இங்கேதான் எனக்கு இந்தக் கதையில் அதிக ஆர்வம். ஒரு காலத்தில் உள்ளாட்சியில் இருக்கும் பிரெக்ஸிட் ஆதரவாளருக்கு ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் மீது சுட்டிக்காட்ட நிஜமான விஷயங்கள் இருந்தன. குப்பையைப் புதைப்பதைக் குறைக்கச் சொன்ன 1999ஆம் ஆண்டின் ஐரோப்பிய உத்தரவு, கவுன்ட்டிகளின் குப்பைச் செலவையே மாற்றியது. ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் டெண்டர் என்றால் ஐரோப்பா முழுவதும் விளம்பரப்படுத்த வேண்டும். ஒன்றியத்தின் வளர்ச்சி நிதி பின்தங்கிய பகுதிகளுக்கு வந்தது, கூடவே நிபந்தனைகளும். திட்டவும் பாராட்டவும் கையில் பிடிக்கக்கூடிய பொருள் இருந்தது. இப்போது அந்த நிதிக்குப் பதில் பிரிட்டன் அரசின் சொந்த நிதி வந்துவிட்டது. டெண்டர் விதிகளுக்குப் பதில் 2025 பிப்ரவரி 24 முதல் புதிய கொள்முதல் சட்டம் அமலாகிவிட்டது. பிரஸ்ஸல்ஸ் காட்சியிலேயே இல்லை. ஆக, பத்து வயதுக்கு முன் வாக்கெடுப்பைப் பார்த்து வளர்ந்த ஒருவருடைய ஐரோப்பிய எதிர்ப்பு, குடியேற்றம், கொடி, தேசிய அடையாளம் என்ற உருவில்தான் வெளிப்படுகிறது. கவுன்ட்டிக்கு இவை எதிலும் சட்ட அதிகாரம் கிடையாது. புகலிடம் கேட்டு வந்தவர்களை எந்த வீட்டில் தங்க வைப்பது என்பது உள்துறையும் அதன் ஒப்பந்த நிறுவனங்களும் முடிவு செய்வது.

ஆகஸ்டில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. நனீட்டனில் ஒரு குழந்தைக்கு எதிரான கொடிய குற்ற வழக்கில் இருவர் மீது குற்றம் சாட்டப்பட்டபோது, அவர்களின் குடியேற்ற நிலையைக் காவல்துறை மறைக்கிறது என்று ஃபின்ச் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார், உள்துறை அமைச்சருக்கும் காவல்துறைத் தலைவருக்கும் கடிதம் எழுதினார். காவல்துறை மறைக்கவில்லை என்று மறுத்தது. தேசிய வழிகாட்டுதலைப் பின்பற்றினோம் என்றது. அதே மாத நடுவில், முக்கியமான வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவரின் நாட்டையும் இனத்தையும் வெளியிடக் காவல் படைகள் யோசிக்கலாம் என்று தேசிய அளவில் புதிய இடைக்கால வழிகாட்டுதல் வந்தது. அது ஃபின்ச் ஒருவரால் வந்தது என்று சொல்ல மாட்டேன். முந்தைய ஆண்டு சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டதற்குப் பின் பரவிய பொய்களிலிருந்தே அந்த விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் நாடே அவர் பெயரைத் தெரிந்துகொண்டது அந்த வாரத்தில்தான்.

இது சரியா? வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் நடந்துகொண்டிருக்கும் வழக்கில் பொறுப்பான பதவியில் இருப்பவர் விவரங்களைப் போட்டு உடைப்பது ஆபத்தானது. 1981ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் இருப்பதே, ஜூரிகள் செய்தித்தாளைப் படித்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது என்பதற்காக. விசாரணை கெட்டால் முதலில் நியாயம் இழப்பது பாதிக்கப்பட்ட குழந்தைதான். குழந்தைகள் பாதுகாப்பு என்பது கவுன்ட்டியின் நேரடிப் பொறுப்பு. அதன் தலைவரிடம் நான் எதிர்பார்ப்பது மைக்கைவிட நிதானத்தை.

இன்னொரு விவகாரம் அரசியல் உதவியாளர்கள். 1989ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய கட்சிக் குழுக்களுக்கு ஆளுக்கொரு அரசியல் உதவியாளரை, அதிகபட்சம் மூவரை, கவுன்சில் செலவில் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. வாரிக்ஷயரில் இப்படி வைப்பதற்குச் சுமார் 1.5 லட்சம் பவுண்டு ஆகும் என்று செய்தி வந்தது. சிக்கனம் பேசி வந்த கட்சி இதைச் செய்யலாமா என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது. அரசியல்ரீதியாக அது நல்ல அடி. ஆனால் எனக்கு ஃபின்ச் பக்கத்து வாதம் புரிகிறது. முதல் முறை கவுன்சிலர்கள் நிறைந்த ஒரு குழு, நூற்றுக்கணக்கான பக்க அறிக்கைகளை எதிர்கொள்ளும்போது, நடுநிலை அதிகாரிகளிடம் கட்சி ஆலோசனை கேட்க முடியாது. யாராவது வேண்டும்தான்.

அனுபவமில்லாத குழு எவ்வளவு சீக்கிரம் உடையும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 2015 மே மாதம் கென்ட்டில் உள்ள தானெட் மாவட்டக் கவுன்சிலை, ஃபராஜ் அப்போது தலைமை தாங்கிய பிரெக்ஸிட் ஆதரவுக் கட்சியான யுகிப் கைப்பற்றியது. 56இல் 33 இடங்கள். அந்தக் கட்சி பெரும்பான்மையோடு பிடித்த முதல் மாவட்டக் கவுன்சில். மூடிக்கிடந்த மான்ஸ்டன் விமான நிலையத்தைத் திறப்போம் என்பது முக்கிய வாக்குறுதி. பதவிக்கு வந்து சட்ட ஆலோசனையையும் கணக்கையும் பார்த்ததும் தலைமை தயங்கியது. அக்டோபருக்குள் உறுப்பினர்கள் விலகி, பெரும்பான்மை போய்விட்டது. ஐந்தே மாதம். ஐரோப்பிய ஒன்றியம் அந்தச் சண்டையில் எங்குமே இல்லை, ஓடுபாதைதான் இருந்தது. பக்கத்துக் கவுன்ட்டி லெஸ்டர்ஷயரிலும் ரிஃபார்ம் சிறுபான்மை நிர்வாகம்தான். அங்கே 22 வயது ஜோசஃப் போம் துணைத் தலைவராகவும் முதியோர் பராமரிப்புப் பொறுப்பாளராகவும் மே மாதம் அமர்த்தப்பட்டு, ஆகஸ்டில் இரண்டிலிருந்தும் நீக்கப்பட்டார். இப்படி ஒருவரை அத்தனை கனமான துறையில் உட்கார வைத்துவிட்டு மூன்று மாதத்தில் எடுப்பதில், எடுத்தவர்களைவிட வைத்தவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

இவ்வளவு இளம் ஆட்கள் திடீரென்று ஏன் உள்ளாட்சியில் வந்து நிற்கிறார்கள் என்றும் கேட்கலாம். முன்பு இந்த அரசியலுக்கு வேறு ஏணி இருந்தது. பிரிட்டனின் நாடாளுமன்றத் தேர்தல் முறை சிறிய கட்சிகளை நசுக்கிவிடும். ஆனால் 1999 முதல் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் விகிதாசார முறைக்கு மாறியது. அதில்தான் ஃபராஜ் அந்த ஆண்டு முதன்முதலாக ஜெயித்தார். பிரிட்டன் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டருக்குள் நுழைய அவருக்கு 2024வரை ஆனது, அதுவும் எட்டாவது முயற்சியில். எதிர்த்த அமைப்பே அவர்களுக்குச் சம்பளம், அலுவலகம், மேடை எல்லாம் கொடுத்து வளர்த்தது. 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறியதும் அந்த ஏணியை அவர்களே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். இப்போது ஒரு இளம் ரிஃபார்ம்காரருக்குப் பதவி அனுபவம் வேண்டுமென்றால் கவுன்ட்டி ஹால்தான் வழி. பிரஸ்ஸல்ஸில் எதிர்த்துப் பேசுவது மட்டுமே வேலையாக இருந்தது. ஷயர் ஹாலில் பட்ஜெட் போட வேண்டும். இந்த மாற்றம் அந்தக் கட்சிக்கும் நல்லது, நாட்டுக்கும் நல்லது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

ஃபின்ச்சின் நாற்காலிக்கே ஆயுள் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2024 டிசம்பரில் வந்த வெள்ளை அறிக்கைப்படி, இரண்டடுக்குக் கவுன்சில்கள் உள்ள இடங்களில் எல்லாம் ஒற்றை அடுக்கு வரப்போகிறது. 2028ஐ இலக்காக வைத்திருக்கிறார்கள். வாரிக்ஷயர் முழுவதும் ஒரே கவுன்சிலா, வடக்கு தெற்கு என இரண்டா என்பதில் இழுபறி. கவுன்ட்டி தரப்புக்கு ஒன்று போதும் என்ற எண்ணம், சில மாவட்டங்களுக்கு இரண்டு வேண்டும். 2016இல் எப்படி ஓட்டு விழுந்தது என்று மேலே சொன்னேனே, அதை வைத்துப் பார்த்தால் இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பது ரிஃபார்முக்கு எவ்வளவு முக்கியம் என்று புரியும். வடக்கு தனியாக வந்தால் அது அவர்களுக்கு வசதியான களம். ஒன்றாக இருந்தால் லெமிங்டனையும் ஸ்ட்ராட்ஃபோர்டையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டும்.

அவரை எடைபோட விரும்புகிறவர்கள் கொடி, கடிதம், தொலைக்காட்சிப் பேட்டியை எல்லாம் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, ஒவ்வொரு பிப்ரவரியிலும் அந்தக் கவுன்சில் நிறைவேற்றும் பட்ஜெட் ஆவணத்தை எடுத்துப் பாருங்கள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். முதியோர் பராமரிப்புக்கு மணிக்கு எவ்வளவு தருகிறார்கள், சிறப்புத் தேவைப் பிள்ளைகளின் பயணச் செலவில் எதைத் தொட்டிருக்கிறார்கள், அலமாரியில் வைத்த கடன் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, கையிருப்பிலிருந்து எவ்வளவு எடுத்திருக்கிறார்கள். பெரும்பான்மை இல்லாததால் அதை நிறைவேற்ற வெளியிலிருந்து ஆறு வாக்குகளாவது அவருக்கு வேண்டும், அல்லது எதிர்த்தரப்பில் சிலர் ஒதுங்கி நிற்க வேண்டும். யாரிடம் போய்க் கேட்டார், எதை விட்டுக்கொடுத்து வாங்கினார் என்பதும் அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் இருக்கும்.